மலைக் குளிரில் பழைய டீசல் பிக்கப்: ஸ்லோ சரியாக நிற்கிறதா?

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டிலிருந்து மிளகும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்படும் பிக்கப்புக்கு அன்றைய முதல் வேலையே காரவள்ளி வரையுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகள்தான். எஞ்சின் சூடாகும் முன்பே இறக்கம் வந்துவிடும். அதனால் இங்கே பழைய டீசல் வண்டியை மதிப்பிடும்போது மைலேஜையும் இழுவையையும் பார்க்கும் முன், குளிரில் அதன் ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது மெக்கானிக்கல் பம்பு பொருத்திய டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) வகை. டாடா 207 டிஐயின் 2956 சிசி எஞ்சினும் மஹிந்திராவின் 2523 சிசி டிஐ எஞ்சினும் இந்த வகையில் நாம் நன்கு அறிந்தவை. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பிரித்து மாட்டிவிடலாம். மலைக்காரர்கள் இவற்றை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒன்றே போதும்.

குளிரில் நடப்பது என்ன?

குளிரில் டீசல் உறைந்துவிடுகிறது என்ற பேச்சு உண்டு. கொல்லிமலைக்கு அது பொருந்தாது. லடாக் குளிருக்காக 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலைக் கொண்டுவந்தது. இங்கே தை மாத விடியலில் வெப்பநிலை 13 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். கோளாறு எரிபொருளில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிர்ந்த பிளாக் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 13 சதவீதம் குறைவு. ரிங் தேய்ந்திருந்தால் காம்ப்ரஷன் இன்னும் குறையும். போதாக்குறைக்கு ஆயில் கெட்டிப்பட்டுக் கிராங்கைப் பிடித்து இழுக்கும்.

காமன் ரெயில் வண்டியில் கூலன்ட் குளிர்ந்திருப்பதை அறிந்து கம்ப்யூட்டரே ஸ்லோவை ஏற்றி வைக்கும். பழைய பம்பின் கவர்னருக்கு வேகம் ஒன்றுதான் தெரியும். வேகம் இறங்கினால் டீசலைக் கூட்டும். கூடுதலாக வந்த டீசலில் எரியாத பங்கு வெள்ளைப் புகையாக வெளியேறும்.

காதும் மூக்கும் சொல்வது

செல்ஃப் அடித்ததும் சற்று உதறி, கடகடவென நாக்கிங் சத்தம் போட்டு, பச்சை டீசல் வாடையோடு வெள்ளைப் புகை விட்டு, கொஞ்ச நேரத்தில் தானாகச் சீராகிவிட்டால் அது இந்த எஞ்சினின் இயல்பு. பயப்பட வேண்டாம். நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் நாசில், டைமிங், காம்ப்ரஷன் மூன்றையும் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

ஸ்லோ ஏறி ஏறி இறங்கினால் முதல் சந்தேகம் லைனில் ஏர். மேட்டில் முன்பக்கம் உயர்ந்தபடி இரவு முழுக்க நின்ற வண்டியில், வாஷர் சரியில்லாவிட்டால் டீசல் டேங்குக்கே திரும்பி வழிந்துவிடும். ஒரே தாளத்தில் தட்டுத்தட்டாக ஓடினால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மெக்கானிக் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் படுத்த சிலிண்டர். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. பழக்கமில்லாதவர் இதில் கை வைக்கவே கூடாது.

பிரேக்கைக் கவனியுங்கள்

இந்தத் தலைமுறை பிக்கப்புகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுழல்கிறது. ஸ்லோ தாழ்ந்து கிடந்தால் வேக்குவமும் மெதுவாகவே சேரும். எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை சில தடவை மிதித்துவிட்டு, மிதித்த காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வளைவுப் பக்கம் வண்டியைத் திருப்பவே வேண்டாம்.

குளிரில் ஆஃப் ஆகிறது என்று ஸ்லோ ஸ்குரூவைத் திருகி ஏற்றி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் சூடானதும் ஸ்லோ எகிறும், கியர் உரசும். இறக்கத்தில் எஞ்சின் வேகம் ஏற்றி வைத்த அந்த ஸ்லோ அளவுக்குக் குறைந்ததுமே கவர்னர் டீசல் கொடுக்கத் தொடங்கிவிடும். எஞ்சின் பிரேக் கிடைப்பது குறையும். ஸ்லோவை எஞ்சின் சூடான பிறகே, கையேட்டில் உள்ளபடி வைக்க வேண்டும்.

வெகுநேரம் நிறுத்தி வைத்து ஓடவிடுவதும் வீண். ஸ்லோவில் டீசல் எஞ்சின் அவ்வளவாகச் சூடேறாது; எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். ஆயில் பிரஷர் வந்ததும், மேலேயே சமதளச் சாலையில் ஆக்சிலேட்டரை அழுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறக்கத்தைத் தொடங்குங்கள்.

வாங்கலாமா?

கம்பெனி அனுமதித்த 15டபிள்யூ-40 ஆயில், உயிருள்ள பேட்டரி, சுத்தமான ஃபில்டர், சோதித்த நாசில் ஆகியவை இருந்தால் இந்த வண்டிகள் மலைக்கு இன்றும் நம்பகமானவை, தாராளமாக வாங்கலாம். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் மட்டும் விலை பேசாதீர்கள். பேனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், மறுநாள் விடியலில் நீங்களே வந்து செல்ஃப் அடித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.