கம்பி வழியே ஒரு பூச்சி வேட்டை

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் சிவப்பு, பச்சை என இரு கேசட்டுகளாக வெளிவந்த போக்கிமான், அதாவது சட்டைப்பையில் அடங்கும் அரக்கர்களைப் பிடித்துச் சேர்க்கும் வீடியோ கேம், டோக்கியோவின் புறநகரான மாச்சிதாவில் வண்டு பிடித்துத் திரிந்த ஒரு சிறுவனின் பொழுதுகளிலிருந்து முளைத்தது. அச்சிறுவனே பின்னாளில் அதை உருவாக்கிய சத்தோஷி தஜிரி. வயலும் குளமும் கட்டடங்களாகிவிட்ட ஊரில் வளரும் பிள்ளைகளுக்குப் பூச்சி தேடும் இன்பத்தைக் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியில் மீட்டுத் தர அவர் விரும்பினார். சில உயிரிகள் சிவப்பில் மட்டும், சில பச்சையில் மட்டும் கிடைத்ததால், தொகுப்பை நிறைவு செய்ய முனைந்த சிறுவர்கள் தம் கருவிகளை இணைப்புக் கம்பியால் கோத்துக்கொண்டு அருகருகே உட்கார்ந்து பேரம் பேச வேண்டியிருந்தது. இந்த அமைப்பே விளையாட்டின் உண்மையான நுட்பம், சண்டைக் காட்சிகள் அதற்கு அடுத்தவைதாம். ஆங்கிலப் பதிப்பில் ஹான்டர் எனப்படும் பேய், கம்பியைக் கடந்து மறுகருவியை அடைந்ததும் கெங்கராக உருமாறுவது, நான்கே சாயல்கள் கொண்ட மங்கலான திரையிலும், கூட்டுப்புழு பிளந்து வண்ணத்துப்பூச்சி வெளிவருவதைப் பார்த்த வியப்பைத் தந்தது. பிந்தைய பதிப்புகளின் கம்பியில்லா இணைப்பு வசதிதான், ஆயினும் முழங்கை இடிக்க அமரும் சுகம் அதில் இல்லை. கேசட்டினுள் சேமிப்பைக் காத்த சிறு பேட்டரி ஆண்டுகள் கழித்துத் தீர்ந்தபோதோ, பாடுபட்டுச் சேர்த்தவை அனைத்தும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தன.