கால்சட்டை நகரத்தின் மறுவாழ்வு யாருக்கு?

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், கால்டர் ஆறும் ஹெப்டன் ஓடையும் கூடும் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஹெப்டன் பிரிட்ஜ். செத்துக்கொண்டிருந்த அந்த ஆலை நகரத்தை 1970களில் குடியேறிய ஓவியர்களும் எழுத்தாளர்களும் மாற்று வாழ்க்கை தேடிய இளைஞர்களும் மீட்டார்கள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 2005இல் ஒரு விமான நிறுவனத்தின் இதழ், உலகின் ரசனையான ஊர்களில் நான்காம் இடத்தை அதற்குத் தந்தபின் கதை இன்னும் கெட்டிப்பட்டது. இதில் பாதிதான் உண்மை என்பது என் கணிப்பு.

முதலில் நெசவு மலைமேல்தான் இருந்தது. ஹெப்டன்ஸ்டால் கிராமத்து வீடுகளில் கைத்தறியில் கம்பளி நெய்தார்கள். நீர்ச்சக்கரங்கள் வந்ததும் தொழில் பள்ளத்தாக்குக்கு இறங்கியது. 1804இல் ராச்டேல் கால்வாய் முழுமையடைந்தது. 1840களின் தொடக்கத்தில் ரயிலும் வந்தது. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஃபஸ்டியன், உழைப்பாளிகள் உடுத்திய முரட்டுப் பருத்தித் துணி. கார்டுராய் அதில் ஒரு வகை. துணியின் மேல் வளையமாக நிற்கும் ஊடை இழைகளை நீண்ட மெல்லிய கத்தியால் கீறிக்கொண்டே போவது தனித் திறமை. அந்தத் துணியைக் கால்சட்டையாகத் தைத்துக் குவித்ததால் ஊருக்கே ‘கால்சட்டை நகரம்’ என்று பெயர் விழுந்தது. சமநிலம் போதாமல் சரிவில் வீட்டின்மேல் வீடு கட்டினார்கள்: கீழ்க்குடும்பத்துக்குத் தாழ்ந்த தெருவில் வாசல், மேல்குடும்பத்துக்குப் பின்புற மேட்டுத் தெருவில் வாசல்.

வழக்கமான கதை தவறவிடுவது நட்க்ளஃப் ஆலையை. 1870இல் ஃபஸ்டியன் தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவு உற்பத்திச் சங்கம் தொடங்கினார்கள். 1873இல் இந்த ஆலையை வாங்கினார்கள். உழைத்தவர்களும் பங்குதாரர்கள், லாபத்தில் ஒரு பகுதி கல்விக்குப் போனது. 1918இல் மொத்த விற்பனைக் கூட்டுறவுச் சங்கத்திடம் கைமாறும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது நடந்தது. இடையில் 1906இல் தொடங்கிய ஃபஸ்டியன் நெசவாளர் வேலைநிறுத்தம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய எம்மலின் பாங்ஹர்ஸ்ட் 1907இல் இங்கே வந்து பேசினார். கலகக் குணம் ஏதோ நீளமுடி இளைஞர்கள் மூட்டை கட்டிக் கொண்டுவந்தது என்பதுபோல் எழுதுவது இந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் அநீதி.

வந்தவர்களின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆலைகள் மூடி, வீடுகள் காலியாகி, இடித்துத் தள்ளுவதே தீர்வு என்று கருதப்பட்ட காலத்தில் அவர்கள் அந்தக் கல்வீடுகளைப் பழுதுபார்த்துக் குடியிருந்தார்கள். 2010இல் நகர மண்டபம் உள்ளூர்ச் சமூக அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. 1921இல் கட்டிய திரையரங்கும் இன்று பொதுக் கையில் ஓடுகிறது. இதைப் பழைய கூட்டுறவின் நேரடித் தொடர்ச்சி என்று சொல்லிவிட ஆதாரம் போதாது. நடுவில் நீண்ட இடைவெளி இருக்கிறது. ஆனாலும் சேர்ந்து வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இந்த மண் புதிதல்ல.

இன்னொரு ஆலையை எந்தப் பாராட்டுரையும் விரும்புவதில்லை. மேலே ஓல்டு டவுன் கிராமத்தில் இருந்த ஏக்கர் மில்லில் 1939 முதல் 1970 வரை கேப் நிறுவனம் ஆஸ்பெஸ்டாஸ் பொருட்களைச் செய்தது. போர்க்காலத்தில் நச்சுவாயு முகமூடிகளுக்கான வடிகட்டிகளில் தொடங்கிய வேலை அது. இழைத்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து ஆளைக் கொன்றது. இளவயதில் சில மாதங்களே அங்கு வேலைபார்த்த ஒரு பெண்ணின் கடைசி நாட்களை 1982இல் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி காட்டியபோது நாடே அதிர்ந்தது. ஊர் புதுப்பொலிவு பெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அதன் பழைய தொழிலாளர்கள் மூச்சுத்திணறிச் செத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாத வரலாறு முழு வரலாறு ஆகாது.

அப்படியானால் தீர்ப்பு என்ன? கட்டடங்கள் பிழைத்தன; அதில் சந்தேகமில்லை. தொழில் ஓரளவு பிழைத்தது: நட்க்ளஃப் ஆலையில் இன்று கால்ரெக் நிறுவனம் ஒலிபரப்பு நிலையங்களுக்கான ஒலிக்கலவைக் கருவிகளைச் செய்கிறது. என் பார்வையில் காபிக் கடை வரிசையைவிட இந்த ஒன்று கனமான சான்று. 2015 டிசம்பர் 26 வெள்ளத்தில் கடைத்தெரு மூழ்கியபின், மேலே காட்டு ஓடைகளில் மரத்தடுப்புகள் போட்டு நீரின் வேகத்தைத் தணிக்கத் தன்னார்வலர்கள் கிளம்பினார்கள். ஊர் என்ற அமைப்பு உயிரோடு இருப்பதற்கு அது அடையாளம்.

ஆனால் மற்ற ஆலை நகரங்களுக்கு முன்மாதிரி என்று இதை நிறுத்துவதை ஏற்க முடியாது. மறுவாழ்வின் மூலதனம் மலிவான வீடு. கூடவே மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும், மூடப்படாத ரயில் பாதை. ரயில் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. மலிவு இங்கேயே தீர்ந்துவிட்டது: சுற்றுவட்டார ஊர்களைவிட இங்கே வீட்டுவிலை அதிகம். ஃபஸ்டியன் வெட்டியவர்களுக்காக ஒன்றன்மேல் ஒன்றாய்க் கட்டிய வீடுகளை இன்று அந்தப் பள்ளத்தாக்கின் கடைச் சிப்பந்தியோ பராமரிப்புப் பணியாளரோ தன் சம்பளத்தில் வாங்குவது அரிது.