விசாப் படிவத்தில் பாட்டி எங்கே?

வெளிநாட்டில் இருக்கும் அப்பா அம்மாவிடம் பிள்ளையை அனுப்ப நிரப்புகிற விசாப் படிவத்தை யாரும் ஒரு பிரதியாக உட்கார்ந்து வாசிப்பதில்லை. கட்டத்தை நிரப்பினோமா, பணத்தைக் கட்டினோமா, பயோமெட்ரிக்குக்கு நாள் வாங்கினோமான்னு போயிடுவோம். ஆனா அந்தப் படிவம் ஒரு கதைதான் கேக்குது. இந்தப் பிள்ளை யாருடையது, இதுவரை யார் வளர்த்தது, இனிமேல் யார் வளர்ப்பார்? எப்படிச் சொன்னால் நம்புவேன் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. அப்படியென்றால் ஒரு நாவலை விமர்சிக்கிற மாதிரி இதையும் விமர்சிக்கலாம்.

பிரிட்டன் விதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு அந்த நாடு கதவைத் திறந்தது. 2024 மார்ச் 11க்குப் பிறகு அந்த விசாவில் புதிதாகப் போனவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள முடியாமல் போனது. மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு 2024 ஜனவரியிலேயே அந்தக் கதவைச் சாத்தியாகிவிட்டது, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில விலக்குகளைத் தவிர. 2025 ஜூலை வரை, வயசானவங்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்ட வரலாம், தன் பிள்ளைக்கு ஊட்ட முடியாது என்றுதான் இருந்தது. இதில் விமர்சிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்நோக்கம் வெளிப்படையாகவே தெரிகிறது. நுட்பமாக வாசிக்க வேண்டியது திறந்திருக்கும் கதவுகளைத்தான்.

முதலில் 'படிப்பு' என்கிற சொல். "அப்பா அம்மா அங்கதான இருக்காங்க, பிள்ளைக்கு ஸ்டடி விசா போட்டுடலாமே" என்று ஊரில் சாதாரணமாகக் கேட்பார்கள். நமக்குப் பிள்ளை என்றால் பள்ளிக்கூடம் கூடவே வரும். விதிக்கு அப்படி இல்லை. 4 முதல் 17 வயது வரையிலான பிள்ளைக்கு உள்ள 'சைல்டு ஸ்டூடன்ட்' விசா, உரிமம் பெற்ற தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டிப் படிக்க வருகிற பிள்ளைக்கானது. அந்த விசாவில் அரசுப் பள்ளியில் சேர முடியாது. பெற்றோரின் விசாவைச் சார்ந்து, 'டிபென்டன்ட்' ஆகப் போகிற பிள்ளையோ அங்கே அரசுப் பள்ளியில் இலவசமாகவே படிக்கும். படிக்க வரும் பிள்ளை வேறு, அம்மாவோடு இருக்க வரும் பிள்ளை வேறு என்று விதி பிரித்து வைத்திருக்கிறது. முன்னது வாடிக்கையாளர், பின்னது சுமை. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் ஏஜென்ட் சொன்னதை நம்பிப் பணம் கட்டுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டில் நமக்கு இருப்பது இனிஷியல், குடும்பப் பெயர் அல்ல. பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதும்போது பிள்ளையின் 'சர்நேம்' அப்பா பெயர் ஆகிறது. அப்பாவின் சர்நேம் தாத்தா பெயர். அம்மாவுக்கோ அவர் அப்பா பெயரோ கணவர் பெயரோ இருக்கும். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று சர்நேம். நமக்கு இது சாதாரணம். படிவத்தைப் பொறுத்தவரை இவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் கூட, ஆதாரில் ஒரு எழுத்துக் குறைய இருந்துவிட்டால் அந்நியத்தன்மை இன்னும் கூடும். அதனால்தான் முதலில் தாசில்தார் ஆபீஸ், நோட்டரி என்று அலைய வேண்டியிருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். பெற்றோர் இருவரும் அங்கே இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. ஒருவர் மட்டும் இருந்தால், பிள்ளைக்குத் தான் ஒருவரே 'முழுப் பொறுப்பு' என்று அவர் நிரூபிக்க வேண்டும். இதற்கு நியாயம் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவோ, அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவோ பிள்ளையை நாடு கடத்திக்கொண்டு போகிற வழக்குகள் உண்மையிலேயே நடக்கின்றன. இதற்கான 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'முழுப் பொறுப்பு' என்றால் என்ன? 2006இல் ஏமன் நாட்டுக் குடும்பம் ஒன்றின் வழக்கில் பிரிட்டிஷ் தீர்ப்பாயம் விளக்கம் சொன்னது. அன்றாடக் கவனிப்பு உறவினர் கையில் இருக்கலாம். வளர்ப்பின் முக்கிய முடிவுகளும் தொடர்ந்த கட்டுப்பாடும் அந்தப் பெற்றோரிடம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போன அம்மாவுக்கு இது சாதகமான விளக்கம். சட்டமாகப் பார்த்தால் மனிதத்தன்மை உள்ள தீர்ப்புதான்.

கதையாகப் பார்த்தால்தான் குறை தெரிகிறது. இந்த விளக்கத்துக்குப் பொருந்த, விண்ணப்பக் கடிதத்தில் பாட்டி வெறும் கையாள் ஆக வேண்டும். ஸ்கூல் ஃபீஸ் அனுப்பிய வங்கி ரசீது, டீச்சரோடு பேசிய வாட்ஸ்அப், எந்த ஊசி போடணும்னு அம்மா சொன்ன மெசேஜ் எல்லாம் ஆதாரம். ராத்திரி ஜுரத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுக்கு ரசீது கிடையாது. இருந்தாலும் அதை எழுதாமல் இருப்பதே நல்லது, ஏன்னா பாட்டிதான் எல்லாம் பார்த்தாங்கன்னு உண்மையை அழுத்திச் சொன்னா கேஸ் பலவீனமாகும். பிள்ளையைப் பிரியப் போகிறவரைக் கொண்டே, தான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று கையெழுத்து வாங்குகிற வகை எழுத்து இது.

பின்னால் பாட்டியும் போகலாமே? 2012 ஜூலையில் வந்த விதிப்படி, வயது அல்லது நோயால் தன் அன்றாடக் காரியங்களைத் தானே செய்ய முடியாமல், பணம் அனுப்பினாலும் இந்தியாவில் அந்தக் கவனிப்பு கிடைக்காது என்று நிரூபித்தால் மட்டுமே நிரந்தரமாகச் சேர்ந்து இருக்க முடியும். பிள்ளை வளர்க்கத் தெம்பு இருக்கிற பாட்டி அந்தக் காரணத்தாலேயே தகுதி இழக்கிறார்.

கூரத்துக்குப் பல்லவர் செப்பேடு, உத்திரமேரூருக்குப் பராந்தகன் கல்வெட்டு என்று எங்கள் பக்கம் அரசு ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. கி.பி. 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் உறவுப் பட்டியல் ஒன்றும் உண்டு. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், தாய்மாமன், மாமனார், மச்சான், மருமகன் என்று நீளும் ஒரு கூட்டமே வாரியத்துக்கு நிற்க முடியாது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கான அந்தச் சபையை லட்சியமாக்க நான் தயாரில்லை. ஆனால் பொறுப்பு என்பது ரத்தத்தின் ஒரு கோட்டில் மட்டும் ஓடுவதில்லை என்று அந்த ஆவணத்துக்குத் தெரிந்திருக்கிறது. பழியைப் பகிரும்போதாவது சுற்றத்தை முழுசா எண்ணினார்கள்.

அந்தப் பட்டியலிலும் பாட்டி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுப்பைக் கணக்குப் பார்க்கிற எந்தக் காலத்து ஆவணத்துக்கும் அவர் அகப்படுவதில்லை போல. படிவம் மாறுகிற வரைக்கும், விண்ணப்பத்துக்கு வேண்டியதை வேண்டியபடி எழுதுங்கள்; பிள்ளைக்கு அதுதான் முக்கியம். நடந்ததை வேறொரு தாளில் எழுதி, வளர்ந்தபின் பிள்ளையிடம் கொடுங்கள்.