மீனும் தீட்டும்: ஒரு சுஷி விருந்தை முன்வைத்து

உயர்தர யப்பானிய சுஷி உணவகங்களில் உணவுப் பட்டியலுக்குப் பெரும்பாலும் இடமில்லை. 'ஒமகசே' என்பதே அங்குள்ள முறை. 'உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்' என்பது அதன் பொருள். எதை உண்பது, எந்த ஒழுங்கில் உண்பது என்பதைச் சமைப்பவரே தீர்மானிக்கிறார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எம்மவர் கூடும் இடங்களில் இத்தகைய விருந்துக்குப் போய்வந்த கதைகளை இப்போது கேட்க முடிகிறது. நானும் மொன்றியல் நகரில் அப்படியொரு மேசையின் முன் அமர்ந்திருக்கிறேன். வினாகிரி கலந்த சோறு இளஞ்சூட்டில் இருந்தது. மீன் வாயில் கரைந்தது. சுவையில் எனக்குக் குறையில்லை. அங்கு சேர்த்துப் பரிமாறப்படும் 'பாரம்பரியம்' பற்றியே சில கேள்விகள் உண்டு.

முதலில் அதன் வயது. கையால் பிடித்துத் தரும் நிகிரி சுஷி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடோவின் (இன்றைய ரோக்கியோ) தெருக்கடைகளில் பரவிய அவசரத் தீனி. இன்று பெருவிலை பெறும் சூரைமீனின் கொழுத்த வயிற்றுப் பகுதி அன்று மதிப்பற்றது. கனடாவின் கிழக்குக் கரையில் விளையாட்டுக்காகப் பிடித்துப் புதைத்துவந்த பெருஞ்சூரைகள், 1972 ஆகஸ்டில் விமானமேறி ரோக்கியோவின் சுகிஜி சந்தைக்குப் போயின. திரும்பும்போது வெறுமையாகப் பறந்த சரக்கு விமானங்களை நிரப்ப யப்பான் எயார்லைன்ஸ் தேடிய வழி அது. தொன்மை என நாம் காண்பதில் வணிகக் கணக்கும் கலந்திருக்கிறது.

அடுத்தது, அந்த மேசைக்குப் பின்னால் யார் நிற்கலாம் என்பது. டேவிட் கெல்பின் 'ஜிரோ ட்ரீம்ஸ் ஒஃப் சுஷி' (2011) ஆவணப்படம், கின்சாவில் பத்து இருக்கைகளே கொண்ட கடை நடத்திய ஜிரோ ஓனோவை உலகறியச் செய்தது. பத்தாண்டுகள் பயின்ற பின்பே சீடனுக்கு முட்டை பொரிக்கும் அனுமதி கிடைக்கிறது. இவ்வுழைப்பை நான் இகழவில்லை. ஆனால் அதே 2011இல் ஜிரோவின் மூத்த மகன் யோஷிகாசு, பெண்கள் ஏன் சுஷிக் கலைஞராக முடியாது என்பதற்குப் பத்திரிகையொன்றில் விளக்கம் சொன்னார்: மாதவிலக்கு அவர்களது சுவையுணர்வின் சமநிலையைக் குலைத்துவிடுமாம். பெண்ணின் கை சூடானது, அது மீனைக் கெடுக்கும் என்ற வாதமும் அங்கு நெடுங்காலம் வழங்கியது.

இவ்வாதம் எமக்குப் புதியதல்ல. எமது அடுப்படியிலும் கோவில் வாசலிலும் இதற்குத் தீட்டு என்று பெயர்.

பாசையூரிலிருந்தும் குருநகரிலிருந்தும் கடகத்தில் மீன் சுமந்து வந்து விற்ற பெண்களை நினைத்துப் பாருங்கள். செட்டையைத் தூக்கிப் பூவின் நிறம் பார்த்து, மீன் பிடிபட்ட நேரத்தைச் சொல்லக்கூடியவர்கள். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தவர் குறைவு; சாதி சொல்லிப் பேசியவரே அதிகம். அவர்கள் முற்றத்தோடு நின்றார்கள், விறாந்தைக்கு ஏறவில்லை. யப்பானில் மீன் அரியும் ஆணின் கை கலைஞனின் கை. அதே அறிவு வாய்த்த எமது பெண், பெண்ணென்பதால் கின்சாவின் மேசைக்குப் பின்னால் நிற்க முடியாது. மீன் தொட்டவள் என்பதால் எங்கள் விறாந்தையிலும் இருக்க முடியாது.

2010இல் ரோக்கியோவின் அகிஹபராவில் பெண்களே சுஷி செய்யும் 'நதெஷிகோ' திறக்கப்பட்டது. தடை எங்கிருந்தது என்பதை அது காட்டியது. கையின் சூட்டில் அல்ல.

யப்பானியக் கத்தியை வியந்து பணம் கொடுக்கும் நம்மில் பலர், கலியாணப் பேச்சு வந்ததும் 'ஊரில் எந்தப் பகுதி?' என்று விசாரிக்கிறோம். மீனின் சுவையோடு மீன் அரியும் கையையும் மதிக்கக் கற்றோமா என்பதை இந்தக் கேள்விதான் அளக்கும்.