முதல் அடையாளமும் சித்தப்பாவின் கேள்வியும்

சித்தப்பாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பயாப்சியில் ஃபாலிகுலர் லிம்போமா என்று வந்தது. "இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்க" என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா என்னைக் கேட்டார்: "கேன்சர்னா கட்டுக்கடங்காம வளரணும்ல? இவங்க ஏன்டா சும்மா இருக்கச் சொல்றாங்க?"

என்னிடம் பதில் இல்லை. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். புற்றுநோய் பற்றி என் தலையில் இருந்த படம் முழுக்க ஒரே கட்டுரையிலிருந்து வந்தது. டக்ளஸ் ஹனஹானும் ராபர்ட் வைன்பெர்கும் 2000-ல் 'செல்' இதழில் எழுதிய 'புற்றுநோயின் அடையாளங்கள்' கட்டுரைதான் அது. ஆறே அடையாளங்கள், எல்லாப் புற்றுநோயும் அதற்குள் அடக்கம். என்னை மாதிரி ஆட்களுக்கு இப்படிப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் உடனே பிடித்துப்போகும். இப்போது சித்தப்பாவின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பப் படித்தேன். முதல் அடையாளமே இடிக்கிறது.

அந்த அடையாளம், 'வளர்ச்சிச் சமிக்ஞையில் தன்னிறைவு'. சாதாரண செல் பெருக வேண்டுமென்றால் வெளியிலிருந்து உத்தரவு வரவேண்டும். புற்றுநோய் செல் தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்ளும். மெதுவாக வளரும் லிம்போமாக்களில் பல அப்படி நடந்துகொள்வதில்லை.

இந்த லிம்போமாக்களில் பெரும்பாலானவை பி செல்களிலிருந்து வருபவை. ஒவ்வொரு பி செல்லின் மேலும் ஓர் ஏற்பி இருக்கும். செல்லின் தோலில் குத்திவைத்த ஆன்டிபாடி என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பொருந்தும் கிருமி வந்து ஒட்டினால் உள்ளே சமிக்ஞை போகும், செல் பெருகும்.

இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமாவை எடுத்துக்கொள்வோம். 1993-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை ஒழிக்க ஆறு நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஐந்து பேருக்கு லிம்போமாவின் தடயமே காணோம்! அதே ஆண்டு அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு, இந்தச் செல்கள் பெருகுவதற்கு அந்தக் கிருமியால் தூண்டப்பட்ட டி செல்கள் கூடவே இருக்க வேண்டும் என்று காட்டியது. தன்னிறைவு எங்கே இருக்கிறது இதில்? 'அடையாளங்கள்' கட்டுரை வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே கிடைத்த சான்று இது.

ஃபாலிகுலர் கதை இன்னும் விசித்திரம். பெரும்பாலானவர்களுக்கு 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதில் ஆரம்பிக்கிறது. அதனால் பிசிஎல்-2 மரபணு ஓயாமல் ஓடி, செல்லைச் சாகவிடாமல் தடுக்கிறது. 'சாவைத் தவிர்த்தல்' என்ற அடையாளம் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒட்டலில் ஏற்பியின் கனச் சங்கிலி மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று உடைந்துபோகிறது. மிச்சமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு செல் ஏற்பியைக் காப்பாற்றி வருகிறது. பெரும்பாலான நோயாளிகளில், ஆன்டிஜென் ஒட்டவேண்டிய பகுதியிலேயே மானோஸ் சர்க்கரை ஏறியிருக்கிறது. மேக்ரோஃபேஜ் செல்களின் மேலுள்ள ஒரு புரதம் இந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ள, கிருமியே இல்லாமல் ஏற்பிக்குச் சமிக்ஞை கிடைக்கிறது. அதாவது அக்கம்பக்கத்தின் தயவு.

ஆசிரியர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். புற்றுக்கட்டிக்குள் மற்ற செல்களும் பங்கெடுக்கின்றன என்று 2000 கட்டுரையிலேயே சொல்கிறார்கள். 2011-ல் திருத்தி எழுதியபோது 'தன்னிறைவு' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, அழற்சியையும் சேர்த்தார்கள். ஆனால் என்னைப் போன்றவர்களின் மனதில் தங்கியது பழைய பட்டியல்தான்.

இதற்காக மறுபக்கம் சாயவும் கூடாது. 'எல்லாம் ஏற்பியின் வேலை, அந்த ஒயரை வெட்டினால் போதும்' என்பதும் இன்னொரு பட்டியல் புத்திதான். ஏற்பியின் சமிக்ஞையைக் கடத்தும் பிடிகே நொதியைத் தடுக்கும் மாத்திரை இப்ருடினிப். சிகிச்சைக்குப் பின் திரும்பிவந்த நாள்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோயில், 85 பேர் கொண்ட ஆய்வில் 71% பேருக்குப் பலன் கிடைத்தது. ஃபாலிகுலரில், 110 பேரில் சுமார் 21% பேருக்குத்தான். இரண்டுமே மெதுவாக வளர்பவை, இரண்டிலும் ஏற்பி உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் அதன்மேல் சாய்ந்திருக்கும் அளவு வேறு.

சித்தப்பாவிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: "உங்க செல்லுங்க இன்னும் அக்கம்பக்கத்த நம்பித்தான் பிழைக்குது. அதான் நிதானமா போகுது." காத்திருப்பதற்கான ஆதாரம் தனி. 2003-ல் லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், அறிகுறியில்லாத 309 பேரில் ஒரு பாதிக்கு உடனே மருந்து, மறுபாதிக்குக் கண்காணிப்பு. ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்கு இது வேகமான வகையாக மாறுவதுண்டு, அதனால்தான் அந்த மூணு மாசக் கணக்கு.

"அப்போ செக்கப்ப மட்டும் விடக்கூடாது, அதானே?" என்றார். அதேதான் சித்தப்பா.