சராசரிக்குள் மறையும் தெரு

நிதி ஆயோக் 2024 ஜூலையில் வெளியிட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் குறியீட்டில் தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு 78 கிடைத்தது. கேரளமும் உத்தராகண்டும் 79 பெற்று முன்னால் நின்றன. நாட்டின் மொத்த மதிப்பெண் 71. 2019இல் 67, 2021இல் 74, பிறகு 78 என்று, ஆட்சி மாறியும் ஏறுமுகம் மாறவில்லை. டெல்லி வகுத்த அளவுகோலிலேயே நம் மாநிலத்தின் சமூகநலப் பாதை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது, இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த எண் எதற்கும் சான்றல்ல என்பதே என் கட்சி.

சாதனைகளை மறுக்கவில்லை. சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும், 2021இல் தொடங்கி 2024இல் ஐ.நா. விருது பெற்ற மக்களைத் தேடி மருத்துவமும் மெய்யானவை. ஒன்றோடொன்று பேசாத துறைகள் இந்தக் குறியீட்டுக்காகத் தங்கள் எண்களை ஒரே மேசையில் வைக்க நேர்ந்ததும் நல்லதுதான். ஆனால் சத்துணவு, இந்த இலக்குகளை வகுத்த ஐ.நா. தீர்மானத்துக்கு முப்பது ஆண்டுக்குமேல் மூத்தது. அந்தப் பெருமை இலக்குகளைச் சேராது.

2015 செப்டம்பரில் 193 நாடுகள் ஏற்ற 17 இலக்குகள் ஒரு மாநில அரசின் கைக்கு வரும்போது நடப்பது பெரும்பாலும் எண் ஒட்டும் வேலைதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தை எடுத்து, இது இரண்டாம் இலக்கு, இது ஐந்தாம் இலக்கு என்று துறைகள் குறித்துக்கொள்கின்றன. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன்பின் வரும் மதிப்பெண்ணைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் ஆட்சேபம் பழையது. யாரையும் பின்தங்க விடமாட்டோம், கடைசியில் இருப்பவரையே முதலில் சென்றடைவோம் என்பது அந்தத் தீர்மானத்தின் வாக்குறுதி. மாநிலச் சராசரியைக் கொண்டு இந்த வாக்குறுதியைச் சோதிக்கவே முடியாது. குறியீட்டின் 113 குறிகாட்டிகளில் ஒவ்வொன்றும் மாநிலம் முழுமைக்கும் ஒரே எண்ணாகச் சுருங்குகிறது. அவற்றிலிருந்து இலக்குக்கொரு சராசரி, அந்தச் சராசரிகளுக்கெல்லாம் ஒரு சராசரி. யாருக்காக அந்த வாக்குறுதி எழுதப்பட்டதோ, அவர் ஒவ்வொரு படியிலும் கரைந்துபோகிறார்.

ஆறாம் இலக்கான தண்ணீரையும் சுகாதாரத்தையும் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடும்பங்கள் குடித்த மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் அது வெளியே வந்தது. அந்தக் குடும்பங்களுக்குத் தொட்டி இருந்தது, குழாய் இருந்தது. குறியீட்டின் கணக்கில் அவை மேம்பட்ட நீராதாரம் பெற்ற குடும்பங்கள். இப்படியொரு குற்றம் நடந்த அதே மாநிலம் தண்ணீருக்கு வாங்கும் மதிப்பெண்ணில் அந்தக் குற்றத்தின் நிழல்கூட விழாது.

அதே இலக்கு கழிப்பறைகளை எண்ணுகிறது. அவை நிரம்பியபின் மலத்தொட்டிக்குள் இறங்குகிறவரை எண்ணுவதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிரான சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை. 1993 முதலான கணக்கில் இத்தகைய சாவுகள் மிக அதிகமாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இங்கே பதிவு ஒழுங்காக நடப்பதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த வாதம் குறியீட்டை இன்னும் ஆழமாகக் குத்துகிறது: ஒழுங்காகப் பதிவதே மதிப்பெண்ணைக் குறைக்கும் இடமும் அதில் உண்டு.

பத்தாம் இலக்கு ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. பட்டியல் சாதியினர்மீதான குற்றங்களின் விகிதம் அதில் ஒரு குறிகாட்டி. காவல் நிலையத்தில் பதிவான குற்றங்கள்தான் இங்கே கணக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய மறுத்து, 'சமாதானமாகப் போங்கள்' என்று திருப்பி அனுப்பும் ஆய்வாளர் மாநிலத்தின் மதிப்பெண்ணை உயர்த்துகிறார். சட்டப்படி முதல் தகவல் அறிக்கை எழுதுகிறவர் அதைக் குறைக்கிறார். இத்தகைய அளவுகோலில் முன்னேறுவதை ஓர் அரசு பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பதினாறாம் இலக்கு நீதியையும் வலுவான நிறுவனங்களையும் பற்றியது. அதில் ஆதார் பெற்றவர்களின் விகிதம் குறிகாட்டியாக இருக்கிறது. ஊராட்சித் தேர்தல் காலத்தில் நடந்ததா என்பது இல்லை. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. மதிப்பெண்ணுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. கடலோர மாநிலங்களுக்கு மட்டும் பொருந்தும் என்பதால் பதினான்காம் இலக்கான கடல் மொத்த மதிப்பெண்ணில் சேர்வதே இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலம் நாம். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலையும் படகும் பாழானதை அந்த 78 அறியாது.

குறியீடு நிதி ஆயோக்குடையது, மாநிலத்தை ஏன் கடிய வேண்டும் என்று கேட்கலாம். மாநிலங்கள் தமக்கான குறிகாட்டிகளை வகுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. நீட் தேர்விலும் தேசியக் கல்விக் கொள்கையிலும் டெல்லியின் அளவுகோலை ஏற்க மறுத்த மாநிலம், தனக்கு நல்ல மதிப்பெண் தருகிற அளவுகோலை மட்டும் எதிர்க்கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. திறமை இல்லாமல் அல்ல. வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எழுதிவைக்கிற நிர்வாகத்துக்குத் தெருவாரியாகத் தண்ணீர்க் கணக்கு எடுப்பது பெரிய வேலையா? அப்படி எடுத்தால் ஊர்த் தெருவுக்கும் தலித் குடியிருப்புக்கும் உள்ள வேறுபாடு எண்ணாக அச்சில் ஏறும். அதற்கு அஞ்சித்தான் எடுக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூட்டுவதென இந்த மாநிலம் 2022இல் முடிவு செய்தது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் குடியிருப்புவாரியாக மூன்று கணக்குகளை வாசிக்க அரசு உத்தரவிட வேண்டும்: எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கொருமுறை தண்ணீர் வருகிறது, அது கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, மலத்தொட்டிகளைச் சுத்தம் செய்வது யார். பொய்யென்றால் மறுத்துப் பேசவும், மறுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றவும் மக்களுக்கு அங்கே உரிமை உண்டு. இலக்குகளுக்கான கெடு 2030. மாநிலத் திட்டக் குழு இந்த வேலையை அடுத்த மார்ச்சிலேயே தொடங்க வேண்டும்.