69, 35: டசமெட்டோஸ்டாட் ஆய்வை இன்னொரு தடவை வாசிக்கும்போது

2020-ல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த டசமெட்டோஸ்டாட் ஆய்வைச் சுருக்கிச் சொல்றவங்க பெரும்பாலும் இரண்டு எண்களைத்தான் சொல்வாங்க. ஃபாலிகுலர் லிம்ஃபோமா நோயாளிகளில் ஈஇசட்எச்2 மரபணு மாற்றம் உள்ளவர்களில் 69 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 35 சதவீதம். "பார்த்தீங்களா, சரியான ஆளுக்குச் சரியான மருந்து!" என்று முடித்துவிடலாம். ஆனா கட்டுரை அதோட முடியல.

முதலில் அடிப்படை. ஈஇசட்எச்2 என்பது மரபணுக்களை அடக்கி வைக்கும் புரதம். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோனில் மெத்தில் குறிகளைப் போட்டு, 'இந்த மரபணு இப்போ வேண்டாம்' என்று மூடிவிடும். நிணநீர் முடிச்சுக்குள் பி செல்கள் வேகமாகப் பெருகும் காலத்தில் இது தேவை. வேலை முடிந்ததும் விலக வேண்டும். 2010-ல் கனடா ஆய்வாளர்கள் கண்டுபிடித்த மாற்றம், அந்தப் பூட்டை நிரந்தரமாக்குகிறது. செல் முதிராமலே பெருகிக்கொண்டு போகும். டசமெட்டோஸ்டாட் இந்தப் புரதத்தைத் தடுக்கிறது.

இனி எண்கள். மொத்தம் 99 பேர்: மாற்றம் உள்ளவர்கள் 45, இல்லாதவர்கள் 54. நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் முதல் குழுவில் 13.8 மாதம், இரண்டாவதில் 11.1 மாதம். பலன் கிடைத்தவர்களுக்கு அது நீடித்த காலம் 10.9, 13.0 மாதம். இங்கே வரிசையே திரும்பிவிட்டது! சிறிய குழுக்கள் என்பதால் இதை வைத்து இரண்டாவது குழு மேல் என்று சொல்ல முடியாது. ஆனா 69-க்கும் 35-க்கும் நடுவில் தெரிந்த பள்ளம் இங்கே காணோம்.

இன்னொன்று, இரண்டு குழுவும் சமமாகத் தொடங்கவில்லை. மாற்றம் இல்லாதவர்கள் அதற்கு முன்பே அதிக சிகிச்சைகளைக் கடந்து வந்தவர்கள். அப்போ வித்தியாசத்தில் எவ்வளவு மரபணுவால், எவ்வளவு நோயின் பிடிவாதத்தால்? ஒப்பிட வேறு மருந்துக் குழு இல்லாத இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

மாற்றம் இல்லாதவர்களுக்கும் பலன் வருவது விபத்தில்லை. இந்த லிம்ஃபோமா பிறக்கும் இடமே ஈஇசட்எச்2-வை நம்பி இயங்குவது. மாற்றம் அந்தச் சார்பைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆய்வின் பலமும் உண்மையானது: மருந்தால் வந்த தீவிர பாதகங்கள் 4 பேருக்கு மட்டும், மருந்தால் மரணம் இல்லை. பல சிகிச்சைகளால் களைத்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அதேசமயம், முழுமையாகக் கட்டி மறைந்தது மாற்றம் உள்ளவர்களிலேயே 13 சதவீதம்தான். இரண்டாவது புற்றுநோய் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் மருந்துக் குறிப்பில் உண்டு.

2020 ஜூனில் அமெரிக்க எஃப்டிஏ கொடுத்தது விரைவு ஒப்புதல். வேறு நல்ல வழி இல்லாதவர்களுக்கு மாற்றம் இருக்கா இல்லையா என்று பார்க்காமலே தரலாம் என்றும் அதில் இருந்தது. அதாவது, 'சரியான மரபணு' என்ற கதையை ஒப்புதல் ஆவணமே முழுசாக நம்பவில்லை. நாமும் எத்தனை பேருக்குக் கட்டி சுருங்கியது என்பதோடு நிற்காம, எத்தனை மாதம் தாங்கியது என்றும் கேட்டுப் பழகணும்.